மூணாம் வகுப்புப் பிள்ளைக்கு ரோபோ சொல்லிக்கொடுக்க ஒரு ரிப்பேர்க்காரனின் வழி

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் ஊரில், சந்தைக்குப் பக்கத்தில் டிவி, மிக்சி, கிரைண்டர் பழுது பார்க்கிற கடை எனக்கு. ஏப்ரல் பிறந்தால் போதும், மிக்சியோடு சேர்த்து ஒரு கேள்வியையும் கொண்டுவருவார்கள். "அண்ணே, பிள்ளை நாலாங்கிளாஸ் போறான். லீவுக்கு எந்த ரோபோ கிட் வாங்கலாம்?" ஒன்றும் வாங்க வேண்டாம் என்பேன். கேட்டவர் முகம் வாடும். நான் கிட் விற்பதில்லை, அதனால் எனக்கு நஷ்டமில்லை. சனிக்கிழமை காலையில் எங்கள் ஊர் வாசகசாலைத் திண்ணையில் மூணு முதல் அஞ்சு வரை படிக்கிற பிள்ளைகளுக்கு ரோபோவும் கோடிங்கும், அதாவது யந்திரத்துக்குக் கட்டளை எழுதுவதும், சொல்லிக்கொடுத்து வருகிறேன். ரப்பர் வெட்டுக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் கடற்கரைப் பிள்ளைகளும் கலந்து வருவார்கள். வீட்டிலோ பள்ளியிலோ நீங்கள் தொடங்க நினைத்தால் எப்படித் தொடங்கலாம் என்பதை அந்தத் திண்ணையை வைத்தே சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சட்டம். சொல்லிக்கொடுக்கிறவர் கை முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். பிள்ளை கையிலிருந்து மவுசை வாங்கி "இங்க பாரு, இப்படி" என்று காட்டினால் வேலை முடிந்துவிடும். பிள்ளைக்கு ஒன்றும் கிடைக்காது. விலை கூடிய கிட்களில் எனக்குள்ள மனத்தாங்கலும் இதுதான். படத்தைப் பார்த்துத் திருகு போட்டால் முதல் தடவையே ஓடிவிடும். ஓடாத ஒன்றை ஓட வைப்பது எப்படி என்று யோசிக்க அதில் இடமே இல்லை. நான் பழுது பார்த்துச் சோறு தின்கிறவன், அந்தப் பக்கம் சாய்ந்துதான் பேசுவேன். ஆனால் கோடிங் எழுதுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், அவர்கள் நாளில் பெரும்பகுதி பிழை தேடுவதிலேயே போகிறது என்பார்கள்.

முதல் மாதம் திரை வேண்டாம்

ஒரு யந்திரத்தை ரப்பர் தோட்டத்துக்கு வேலைக்கு அனுப்பப் போகிறோம், அதற்கு ஒன்றும் தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்று ஆரம்பிப்பேன். யந்திரம் நான். "மரத்த வெட்டணும்" என்று முதல் பிள்ளை சொல்லும். நான் கோடாலி ஓங்குவேன். திண்ணையே சிரிக்கும். "இல்ல மாமா, பட்டைய வெட்டணும்!" எந்த இடத்தில்? எவ்வளவு ஆழம்? அப்போதுதான் அப்பாவோடு தோட்டத்துக்குப் போன பிள்ளை எழுந்து வரும். முதலில் நேற்றைய கோட்டில் காய்ந்து கிடக்கிற ஒட்டுப்பாலை உரிக்க வேண்டும். சிரட்டையைத் துடைத்து நிமிர்த்தி வைக்க வேண்டும். பிறகு கத்தியால் பட்டையைச் சீவ வேண்டும். பால் சிரட்டைக்குள் விழுகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போக வேண்டும். சிரட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பட்டையைச் சீவினால் என்ன ஆகும் என்று கேளுங்கள். "பால் பூரா தரையில போவும்" என்று பதில் வரும். வரிசை மாறினால் வேலை கெடும் என்பதை அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. நம் ஊரில் பிறந்த பிள்ளை அடுத்து ஒன்றைக் கட்டாயம் கேட்கும்: "மழை பெய்தா?" மழை என்றால் வெட்டு கிடையாது, வெட்டுக்கு மேலே மழை மறைப்புத் தாள் ஒட்டிய மரம் என்றால் உண்டு. நிபந்தனையும் வந்தாயிற்று. எல்லா மரமும் முடியும்வரை இதையே திரும்பச் செய் என்றால் சுழலும் வந்தாயிற்று. வரிசை, நிபந்தனை, சுழல் என்ற இந்த மூன்றுக்கு மேல் அஞ்சாம் வகுப்பு முடிக்கிற பிள்ளைக்குக் கோடிங்கில் பெரிதாக எதுவும் தேவைப்படாது. தோட்டம் பார்க்காத பிள்ளைக்கு வலை ஏற்றுவதையோ கட்டன்சாயா போடுவதையோ வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை கண்ணால் கண்ட வேலையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது கட்ட விளையாட்டு. தரையில் சாக்பீஸால் 5க்கு 5 கட்டம் போடுங்கள். டைல்ஸ் தரை என்றால் கோடும் வேண்டாம். பழைய தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மூன்றே வகை அட்டை: ஒரு கட்டம் முன்னே போ, நின்ற இடத்திலேயே வலப்பக்கம் திரும்பு, நின்ற இடத்திலேயே இடப்பக்கம் திரும்பு. ஒரு பிள்ளை ரோபோ, ஒரு பிள்ளை அட்டை அடுக்குகிறவர். மூலையில் ஒரு மாங்காய் இருக்கும், போய் எடுக்க வேண்டும். அட்டைகள் முழுவதையும் அடுக்கி முடித்த பிறகுதான் ரோபோ நகரும். நகரத் தொடங்கியபின் யாரும் வாய் திறக்கக் கூடாது. இந்த ஒரு விதியை விட்டுவிட்டால் விளையாட்டே வீண். "இந்தப் பக்கம், இந்தப் பக்கம்" என்று கத்திக் கத்தியே மாங்காயை எடுத்துவிடுவார்கள்.

இரண்டு இடத்தில் எல்லாருக்கும் தவறும். "திரும்பு" அட்டையைப் பார்த்ததும் ரோபோப் பிள்ளை திரும்பி ஓர் அடி எடுத்தும் வைத்துவிடும். இன்னொன்று, ரோபோ தன்னைப் பார்த்து நிற்கும்போது அடுக்குகிற பிள்ளை தன்னுடைய வலப்பக்கத்தை ரோபோவின் வலப்பக்கமாக நினைத்துக்கொள்ளும். இதைத் திருத்தப் போகாதீர்கள். ரோபோவின் வலது மணிக்கட்டில் ஒரு ரப்பர் பேண்டு மட்டும் மாட்டிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். கொஞ்ச நேரத்தில் அடுக்குகிற பிள்ளை எழுந்து, ரோபோவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, தானும் அதே பக்கம் திரும்பிப் பார்க்கும். 1967இல் கணித அறிஞர் சீமோர் பேப்பர்ட்டும் அவரோடு இருந்தவர்களும் அமெரிக்காவில் பிள்ளைகளுக்கென்று லோகோ என்ற கம்ப்யூட்டர் மொழியை உண்டாக்கினார்கள். அதற்காகத் தரையில் ஊரும் ஆமை ரோபோவையும் செய்தார்கள். பிள்ளை தன்னை ஆமையாக நினைத்து நடந்து பார்க்க வேண்டும் என்பதுதான் பேப்பர்ட்டின் எண்ணம். எங்கள் திண்ணையில் அந்த ஆமைக்குச் செலவு ஒரு ரப்பர் பேண்டு.

ரோபோப் பிள்ளை மாங்காயைப் பார்த்துவிட்டு அட்டையில் இல்லாத அடியைத் தானே வைத்துக்கொடுப்பதும் உண்டு. சிநேகிதம் அப்படி. கண்ணைக் கட்டிவிடுங்கள்.

எல்லாரும் தேறியபின் "4 தடவை" என்று எழுதிய அட்டை ஒன்றை நடுவில் போடுங்கள். ஒரு சதுரம் சுற்றிவர இதுவரை எட்டு அட்டை அடுக்கியவர்கள் மூன்றில் முடிப்பார்கள். அதன்பின் யார் குறைந்த அட்டையில் முடிப்பது என்ற போட்டியை நீங்கள் தொடங்க வேண்டியதில்லை, அவர்களே தொடங்குவார்கள்.

திரைக்கு வந்தபின்

ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளை என்றால் ஸ்கிராட்ச் ஜூனியர் என்கிற ஆப். 5 முதல் 7 வயதுக்காரர்களுக்காகச் செய்தது. எழுத்தே இல்லை, அம்புக்குறிப் படங்களை இடமிருந்து வலமாகக் கோத்தால் போதும். டேப்லெட் வேண்டும். மூணாம் வகுப்புக்கு மேல் ஸ்கிராட்ச்; திரையில் வண்ணக் கட்டைகளைக் கோத்துக் கட்டளை எழுதுவது. 2007இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக மீடியா லேபில் மிச்சல் ரெஸ்னிக் குழுவினர் வெளியிட்டது; இரண்டுமே இலவசம். காசு கொடுத்து வாங்கச் சொல்லி யாராவது வந்தால் அனுப்பிவிடுங்கள். ஸ்கிராட்சைக் கம்ப்யூட்டரில் இறக்கி வைத்துக்கொண்டால் இண்டர்நெட் இல்லாமலும் ஓடும். அக்காவுக்கு அரசு கொடுத்த பழைய லேப்டாப் பல வீடுகளில் பரண்மேல் கிடக்கிறது. புதிய பதிப்பு அதில் ஏறாவிட்டால் 2009இல் வந்த 1.4 பதிப்பைப் போடுங்கள், அது பழைய மெஷினிலும் ஓடும்.

கட்டைகளில் இருப்பது ஆங்கில எழுத்து என்று பயப்பட வேண்டாம். பிள்ளைகள் நிறத்தை வைத்துப் பிடித்துக்கொள்வார்கள். நகர்வது நீலம், தோற்றம் ஊதா. "நீலத்துல பத்து அடி கட்டையை எடு" என்று தமிழிலேயே பேசுங்கள். கட்டையில் உள்ள ஆங்கிலச் சொல்லைப் பத்து நாளில் தானாக வாசிக்கும். அதற்கென்று தனிப் பாடம் நடத்தினால் கோடிங் வகுப்பு ஸ்பெல்லிங் வகுப்பாகிவிடும்.

முதலில் என்ன செய்ய வைக்கலாம்? திரையில் முதலில் வந்து நிற்பது ஒரு பூனை. கடற்கரைப் பிள்ளைகளுக்குப் பூனையைக் கண்டால் மீன் நினைவு வராமல் இருக்குமா? சாளை ஒன்றை அவர்களையே வரையச் சொல்லுங்கள். பச்சைக் கொடியை அழுத்தினால் எப்போதும் பத்து அடி போய்க்கொண்டே இரு, ஓரத்தில் முட்டினால் திரும்பு. மூன்று நான்கு கட்டைதான். ஓட்டிப் பார்த்ததும் திண்ணையில் ஒரு கூச்சல் எழும்.

"மாமா, மீனு செத்துப்போச்சு!"

வலது ஓரத்தில் முட்டித் திரும்பிய சாளை வயிற்றை மேலே காட்டிக்கொண்டு நீந்திவரும். செத்த மீன் அப்படித்தான் மிதக்கும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். கை இப்போதுதான் மவுசை நோக்கி ஓடும்; பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். கேள்வி மட்டும் கேளுங்கள்.

"எங்க வச்சு செத்தது மக்ளே?"

"செவுத்துல முட்டினப்போ."

"முட்டுறதுக்கு முந்தி?"

"நல்லாத்தான் போச்சு."

"சரி, இடப்பக்கச் செவுத்துல முட்டினா?"

இதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். மறுபடி ஓட்டுவார்கள். இடப்பக்கம் முட்டியதும் மீன் பிழைத்துவிடும்! இப்போது ஒரு தாளில் மீனை வரைந்து வெட்டிக் கையில் கொடுங்கள். வலம் பார்த்திருக்கிற மீனை மேசையைவிட்டு எடுக்காமல், சுற்றியே இடம் பார்க்க வை என்று சொல்லுங்கள். அரைச் சுற்றுச் சுற்றியதும் வயிறு மேலே வரும். பிள்ளை தாள் மீனையும் திரையையும் மாறி மாறிப் பார்க்கும் அந்த நேரத்தில் நீங்கள் பேசக் கூடாது. "சுத்தக் கூடாது மாமா, புரட்டணும்" என்று ஒருத்தி கண்டுபிடித்துச் சொன்னாள். அதன்பின் சுழலும் விதத்தை இடம்-வலம் மட்டும் என்று மாற்றுகிற இடத்தைத் தேடிப்பிடிப்பது சின்ன வேலை. மற்ற பிள்ளைகள் அவளிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள், என்னிடம் வரவில்லை.

ஓர் எச்சரிக்கை. ஸ்கிராட்ச் மேடை 480க்கு 360. நடுப்புள்ளி பூஜ்யம், இடப்பக்கமும் கீழ்ப்பக்கமும் மைனஸ் எண்கள். மூணாம் வகுப்புக்கு மைனஸ் தெரியாது. கடற்கரைப் பிள்ளைகளுக்கு அப்பாவின் வள்ளத்தில் இருக்கிற ஜி.பி.எஸ்.ஸில் மீன் கிடைத்த இடத்தை இரண்டு எண்ணாகக் குறித்து வைப்பது தெரியும், அவர்களுக்கு விஷயம் சட்டென்று பிடிபடும். மற்றவர்களுக்கு எண்களை அஞ்சாம் வகுப்புவரை தள்ளிவையுங்கள். திரும்பு, நகர் என்பதை வைத்தே எவ்வளவோ செய்யலாம்.

ஓட்டுவதற்கு முன் என்ன நடக்கும் என்று பிள்ளை ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். இது எங்கள் திண்ணையில் கட்டாயம். இரண்டு பேருக்கு ஒரு லேப்டாப், கால் மணிக்கு ஒரு தடவை இடம் மாற வேண்டும். இல்லாவிட்டால் மவுஸ் ஆண்பிள்ளை கையில் ஒட்டிக்கொள்ளும், பெண்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து "கொள்ளாம், நல்லாருக்கு" சொல்லிக்கொண்டிருக்கும்.

கம்பி, செல், மோட்டார்

முதலில் ஆபத்து. காசு மாதிரி இருக்கிற பட்டன் செல்லைச் சின்னப் பிள்ளைகள் பக்கம் விடவே கூடாது. விழுங்கிவிட்டால் தொண்டைக்குழாயில் தங்கி 2 மணி நேரத்துக்குள் உள்ளே சுட்டுப் புண்ணாக்கிவிடும். சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பழைய போன் பேட்டரி, அதிலும் உப்பியது, வேண்டாம். வீட்டுக் கரண்ட் பிளக்கை இந்த வேலைக்குத் தொடவே கூடாது. ஈயம் பற்றவைக்கிற வேலை பெரியவர்களுடையது. பிள்ளைகள் கம்பியை முறுக்கி டேப் சுற்றட்டும். சுவர்க்கடிகாரத்துக்குப் போடுகிற பென்சில் செல் எல்லாவற்றுக்கும் போதும். 9 வோல்ட் பேட்டரி பார்க்கத் தோரணையாக இருக்கும்; ஆனால் மோட்டார் கேட்கிற அளவு கரண்டை அதனால் தர முடியாது, கொஞ்ச நேரத்தில் சோர்ந்துவிடும். நாலு பென்சில் செல் போட்ட ஹோல்டர் அதைவிட எவ்வளவோ மேல்.

முதல் வாரம் இரண்டு செல், கரண்டை மட்டுப்படுத்த ஒரு 100 ஓம் ரெசிஸ்டர், சிவப்பு எல்.இ.டி. நீளக் கால் பிளஸ். மாற்றிப் போட்டால் எரியாது. அடுத்த வாரம் ரெசிஸ்டரையும் எல்.இ.டி.யையும் எடுத்துவிட்டு அதே இடத்தில் பொம்மைக் கார் மோட்டார். கம்பியை மாற்றிப் போட்டால் இதுவும் நின்றுவிடுமா என்று கேட்டுப் பந்தயம் கட்டச் சொல்லுங்கள். நிற்காது, எதிர்ப்பக்கம் சுற்றும். அச்சில் அழிரப்பர் துண்டு ஒன்றை ஓரமாகக் குத்தித் துணி பிரஷ்ஷின் முதுகில் கட்டினால் பிரஷ் தானாக நடக்கும். நாலு பிரஷ் இருந்தால் ஓட்டப் பந்தயம், அன்றைக்கு வேறு பாடம் எடுக்க முடியாது.

வண்டிக்கு அடித்தட்டு ஒரு தேய்ந்த ரப்பர் செருப்பு. மஞ்சள் நிறத்தில் கியரோடு வருகிற பி.ஓ. மோட்டார் இரண்டு, சக்கரத்தோடு, இருபக்கமும் கட்டுங்கள். முன்னால் ஒரு பாட்டில் மூடியைக் கவிழ்த்து ஒட்டினால் வழுக்கிக்கொண்டு வரும். இரண்டு மோட்டாருக்கும் ஒரே மாதிரிக் கம்பி கொடுப்பார்கள். வண்டி நேராகப் போகாமல் நின்ற இடத்திலேயே வட்டமடிக்கும். மோட்டார் கெட்டுப்போச்சு என்பார்கள். கெடவில்லை. இரண்டு மோட்டாரும் ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கம் பார்த்து இருப்பதால் ஒன்று முன்னே தள்ளும்போது மற்றது பின்னே தள்ளுகிறது. வண்டியைத் தூக்கிப் பிடித்து இரு சக்கரத்திலும் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துக் கவனிக்கச் சொல்லுங்கள். ஒரு மோட்டாரின் கம்பியை மட்டும் மாற்ற வேண்டும் என்று அவர்களே வந்துவிடுவார்கள். பிறகு மோட்டாருக்கு ஒரு சுவிட்ச் வீதம் வைத்தால், இடது மோட்டாரை நிறுத்தினால் வண்டி இடப்பக்கம் திரும்பும். கட்ட விளையாட்டின் மூன்று அட்டையும் இப்போது செருப்பு வண்டிக்குப் பொருந்தும். அதே மாங்காயை வையுங்கள்.

செல்லைக் கழற்றிவிட்டு மோட்டார் கம்பியில் எல்.இ.டி.யை மாட்டிச் சக்கரத்தை வேகமாகக் கையால் சுற்றினால் விளக்கு மினுங்கும். நம் பிள்ளைகள் திருநெல்வேலி பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றாலைகளை எண்ணிக்கொண்டு போகிறவர்கள். அந்த ராட்சதக் கைகள் சுற்றி என்ன செய்கின்றன என்பதை இந்த ஒரு மினுக்கலில் காட்டிவிடலாம்.

ஓடாதபோது தேட ஒரு வரிசை சொல்லிக்கொடுங்கள்: செல், ஹோல்டர், சுவிட்ச், கம்பி முறுக்கு, கடைசியில் மோட்டார். கரண்டு சோதிக்கிற மல்டிமீட்டரைப் பீப் சத்தம் போடும் இடத்தில் வைத்து நாலாம் வகுப்புப் பிள்ளை கையில் கொடுக்கலாம். செல்லைக் கழற்றிய பிறகு மட்டும். கம்பி எங்கே அறுந்திருக்கிறது என்று அந்தச் சத்தத்தை வைத்துப் பிடிப்பார்கள். பிடித்தபின் திண்ணைக் கம்பி, குடை, கம்மல் என்று எதையும் விட மாட்டார்கள், ஒரு அரைமணி பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்சார் என்றால் என்ன என்பதற்கு நான் மழைமணி செய்ய வைப்பேன். வருஷத்துக்கு இரண்டு பருவமழை பெய்கிற ஊர். முற்றத்தில் கொப்பரையோ நெத்திலியோ காயாத வீடு குறைவு. ஒரு துணி கிளிப்பின் இரண்டு உதட்டிலும் அலுமினியத் தாளைச் சுற்றி, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கம்பி எடுங்கள். மூன்று செல், ஒரு பஸ்ஸர், இந்தக் கிளிப், எல்லாம் ஒரே வட்டத்தில். கிளிப்பின் வாயில் ஒரு சிறு கருப்பட்டித் துண்டைக் கடிக்க வைத்தால் தாள்கள் தொடாது, சத்தம் இல்லை. மழை பெய்தால் கருப்பட்டி கரையும், வாய் மூடும், பஸ்ஸர் அலறும். குவளைத் தண்ணீரைத் தெளித்து முதலில் சோதிப்பார்கள், கைதட்டுவார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு அடுத்த சனிக்கிழமை புகாரோடு வருவார்கள். "நல்ல வெயில்ல அடிச்சு மாமா!" எறும்பு கருப்பட்டியைத் தின்றிருக்கும்.

இதைவிட நல்ல பாடத்தை நான் யோசித்தாலும் உண்டாக்க முடியாது. மணிக்கு மழை தெரியாது. இரண்டு தாளும் தொட்டுவிட்டன என்பது மட்டுமே தெரியும். எறும்புக்கு என்ன செய்யலாம் என்று கேட்டுவிட்டு விடுங்கள். ஒருவன் கிண்ணத் தண்ணீருக்கு நடுவே கிளிப்பை நிறுத்துவான். ஒருத்தி கருப்பட்டிக்குப் பதில் உப்புக்கட்டி வைப்பாள். கடல்பக்கம் வீடு என்றால் ஈரக்காற்றிலேயே அது கசிந்து கரைய ஆரம்பிக்கும். மடித்த டிஷ்யூ பேப்பர் வைத்தவன் ஒருவன் உண்டு, நனைந்தால் அதுவும் நைந்துவிடும். எது சரி என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். மூன்றையும் முற்றத்தில் வைத்து நோட்டில் எழுதட்டும்.

கட்டளையை ஏற்றி ஓட்டுகிற சிறு கம்ப்யூட்டர் போர்டு எப்போது வாங்கலாம் என்று அடுத்து கேட்பீர்கள். அஞ்சாம் வகுப்பில் பார்க்கலாம். மைக்ரோபிட் நல்லது, 25 சிறு விளக்கும் இரண்டு பொத்தானும், சாய்த்தால் குலுக்கினால் தெரிந்துகொள்கிற சென்சாரும் அதிலேயே இருக்கின்றன. அதற்குக் கட்டளை எழுதுகிற மேக்கோடு இணையதளத்தில் திரையிலேயே ஒரு பொய் மைக்ரோபிட் இருக்கிறது, காசு கொடுக்கும் முன் அதில் பழகிக்கொள்ளலாம். ஆர்டுயினோ என்கிற போர்டு அதற்கும் பிறகு. எதுவானாலும் மோட்டாரைப் போர்டில் கம்பி மாட்டுகிற காலில் நேரடியாகக் கட்டாதீர்கள். அந்தக் கால் தருகிற கரண்டு ஒரு எல்.இ.டி.க்குத்தான் காணும், மோட்டாருக்கு நடுவில் அதற்கு வேண்டிய கரண்டைத் தருகிற டிரைவர் சர்க்யூட் ஒன்று வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து மத்திய அரசின் அடல் டிங்கரிங் லேப் உள்ள பள்ளி என்றால் அங்கே இதெல்லாம் கிடைக்கும், அதுவரை அவசரமில்லை. ஏழு வயதில் ஏ.ஐ. இன்ஜினியர் ஆக்குகிறோம், சர்டிபிகேட் தருகிறோம் என்று போனில் அழைத்துத் தவணை கட்டச் சொல்கிறவர்களிடம், பிள்ளை தானாகத் திருத்திய ஒரு பிழையைக் காட்டுவீர்களா என்று மட்டும் கேளுங்கள்.

தேவையானதை நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ எலக்ட்ரானிக்ஸ் கடையில் வாங்கிவிடலாம். பி.ஓ. மோட்டார் இரண்டு, செல் ஹோல்டர் இரண்டு, சுவிட்ச், எல்.இ.டி., ரெசிஸ்டர், பஸ்ஸர், கொஞ்சம் கம்பி. அதற்கு முன் உங்கள் ஊர் ரிப்பேர் கடையில் கேளுங்கள், செத்த டிவிடி பிளேயரிலிருந்து மோட்டார் சும்மாவே கிடைக்கும். எல்லாவற்றையும் மூடி இறுகிய பழைய பிஸ்கட் டின்னில் வையுங்கள். குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் உப்புக்காற்று அடிக்கிற வீடுகளில் ஹோல்டர் ஸ்பிரிங்கில் சீக்கிரமே பச்சை பிடிக்கும், பாதிப் பழுது அதனால்தான் வரும். வேலை முடிந்ததும் செல்லைக் கழற்றிவிட வேண்டும். பச்சை பிடித்த இடத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் போதும். அந்த வேலையையும் பிள்ளையிடமே விடுங்கள்.